எலியாகப் பிறந்தாலும் ஆண் எலியாகப் பிற!

ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை வேண்டுமென்றால் எலியாகப் பிறந்தால் மட்டும் போதாது. ஆண் எலியாகப் பிறக்க வேண்டும்.

2009இல் வெளியான உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளை அனலீஸ் பீரி, இர்விங் சக்கர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில் ஒரே பாலின விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில், பெண் விலங்குக்கு ஒன்று என்றால் ஆண் விலங்குக்கு ஐந்தரை. ஏனய்யா இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது: “பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு முறை ஹார்மோன் மாறும் சார். டேட்டா கெட்டுப்போகும்.” அதாவது அவளை நம்ப முடியாது, முக்கியமான பொறுப்பைக் கொடுக்க முடியாது. வேலைக்கான நேர்காணலில் “கல்யாணம் எப்போ, குழந்தை எப்போ?” என்று கேட்கிறார்களே, அதே குரல்தான். எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு வால் உண்டா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம்.

2014இல் சக்கரும் சக ஆய்வாளர்களும் 293 கட்டுரைகளை அலசி, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகமாக ஊசலாடவில்லை என்று காட்டினார்கள். ஆண் எலிகளை ஒரே கூண்டில் போட்டால் யார் பெரியவன் என்று கடித்துக்கொள்ளும். ஜெயித்ததற்கு ஒரு ஹார்மோன் அளவு, தோற்றதற்கு இன்னொன்று. அதற்காக எந்த ஆண் எலியையும் “உணர்ச்சிவசப்படுகிறது” என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பியதாகத் தகவல் இல்லை.

எலி கதை போதும். ஆட்கள் கதைக்கு வருவோம்.

1936இல் பிரான்சஸ் ஓல்டம் என்ற கனடா நாட்டு மாணவி சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துக்கொண்ட பேராசிரியர், ‘திரு. ஓல்டம்’ என்று விளித்து இடம் கொடுத்துக் கடிதம் போட்டார். அந்தக் குழப்பத்தின் புண்ணியத்தில் ஆராய்ச்சிக்குள் நுழைந்த அவர்தான் பின்னாளில் டாக்டர் பிரான்சஸ் கெல்சி. 1960இல் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடமைடு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கென்று ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்ட மாத்திரை. “ஆதாரம் போதாது, இன்னும் கொண்டுவா” என்று கெல்சி கையெழுத்துப் போட மறுத்தார். கம்பெனிக்காரர்கள் அவருடைய மேலதிகாரிகளிடம் போய் முறையிட்டார்கள். கெல்சி அசையவில்லை. 1961 முடிவதற்குள் குட்டு உடைந்தது. பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்திருந்தன.

இதிலிருந்து நீங்களும் நானும் என்ன கற்றுக்கொள்வோம்? பெண்ணுக்கு ஒரு மருந்தைக் கொடுக்குமுன் அவள் உடம்பில் அது என்ன செய்யும் என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று. நிர்வாகம் கற்றுக்கொண்டது வேறு. கருத்தரிக்கக்கூடிய வயதில் இருக்கும் பெண்களை மருந்துச் சோதனைகளின் ஆரம்பக் கட்டங்களில் சேர்க்காதே என்று 1977இல் அதே எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல் போட்டது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா? கூடாது. கணவன் ஆபரேஷன் செய்துகொண்டவனா? கூடாது. துணையே இல்லாமல் தனியாக இருக்கிறாளா? அவளும் கூடாது. எல்லாம் அவள் நன்மைக்குத்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சோதனைக்கு வரத்தான் அவளுக்குத் தடை. மருந்துக்கடைக்கு வரத் தடையில்லை, காசு கொடுக்கத் தடையில்லை, வாங்கி விழுங்கத் தடையில்லை. விழுங்கிய பிறகு என்ன ஆகும் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் இடையிலான விவகாரம்.

இந்தத் தடை நீங்க 1993 ஆயிற்று. அதற்குள் நடந்த கூத்துகள் கொஞ்சமல்ல. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் 1980களில் ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. கலந்துகொண்டவர்கள் 22,071 டாக்டர்கள். பெண்கள் எத்தனை பேர்? பூஜ்யம். பெண்களுக்கும் இதயம் உண்டு என்ற செய்தி அதுவரை எட்டவில்லை போலும். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பெண் உடம்பிலிருந்து அது வெளியேற அதிக நேரமாகும், மறுநாள் காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கும் என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்ன ஆண்டு 2013. இருபத்தொரு வருடம். ஒரு பெண் குழந்தை பிறந்து, படித்து, ஓட்டுரிமை வாங்கி, கல்லூரி முடிக்கிற காலம். அத்தனை காலமும் பெண்கள் இரட்டிப்பு அளவை விழுங்கிவிட்டு, காலையில் தலை கிறுகிறுத்தால் “ராத்திரி சரியாகத் தூங்கவில்லை” என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.

தடை நீங்கியதும் எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்பவர்களுக்காகவே 2015 வந்தது. பாலுறவில் நாட்டம் குறைந்த பெண்களுக்கென்று ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பெண்களுக்கு மட்டுமேயான மாத்திரை. அதோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம் என்பதால் தனியாக ஒரு சோதனை வைத்தார்கள். காலையில் லேசான சிற்றுண்டி, கூடவே மாத்திரை, பத்து நிமிடத்துக்குள் மது. கலந்துகொண்டவர்கள் 25 பேர். அதில் 23 பேர் ஆண்கள். மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள். பெண்களுக்கான மாத்திரையைச் சோதிக்க 23 ஆண்களும் 2 பெண்களும். பெண்கள் கிடைக்கவில்லை போலும்! உலகத்தில் அந்த வருடம் பெண்கள் முன்னூற்றைம்பது கோடிக்கும் மேல் இருந்தார்கள். காலையில் ஓசியில் சாராயம் கொடுக்கிறோம் என்று சொன்ன இடத்தில்கூட ஆம்பிளைகள்தான் முந்திக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

ஆனாலும், பெண்களைப் பற்றி யாரும் ஆராய்வதே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய். கருப்பையின் உள்சுவரைப் போன்ற திசு வெளியே வளர்ந்து, மாதாமாதம் குடலையும் இடுப்பையும் பிழிந்தெடுக்கும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னதுதான் நோய் என்று கண்டுபிடிக்கவே வருடக்கணக்காகிறது. முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. இப்படிப்பட்ட நோயில் இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2013இல் ஆராய்ந்து வெளியிட்டது என்ன தெரியுமா? இந்த நோயின் கடுமையான வகை வந்த பெண்கள் மற்றவர்களைவிட அழகாக இருக்கிறார்களா என்று. முன்னூறு பெண்கள். அழகுக்கு மதிப்பெண் போட நான்கு நடுவர்கள். கருவள மருத்துவத்தில் பேர்பெற்ற ஒரு சர்வதேச இதழ் அதை அச்சிட்டது. எதிர்ப்பு வலுத்து, கட்டுரையைத் திரும்பப் பெற 2020 ஆயிற்று. வலியோடு வந்தவளிடம் “எங்கே வலிக்கிறது?” என்று கேட்பதற்குப் பதிலாக “கொஞ்சம் திரும்பு, பார்க்கலாம்” என்று சொல்வதற்கு நம்மூரில் பெண் பார்க்கும் படலம் என்று பெயர். அங்கே விஞ்ஞானம்.

சானிட்டரி நாப்கின் விளம்பரத்தில் நீல மையை ஊற்றிக் காட்டுவார்களே, விளம்பரம்தானே என்று நாமும் சும்மா இருந்தோம். ஆய்வுக்கூடத்திலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நாப்கின், டாம்பான், கப் எல்லாம் எவ்வளவு உறிஞ்சும் என்று உப்புத்தண்ணீரையோ வெறும் தண்ணீரையோ ஊற்றித்தான் அளந்து வந்தார்கள். உண்மையான மனித ரத்தத்தை ஊற்றி 21 பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்த முதல் ஆய்வு வெளிவந்தது 2023இல். நிலவில் மனிதன் காலடி வைத்து ஐம்பத்துநாலு வருடம் கழித்து. பெண்ணுக்கு வருவது உப்புத்தண்ணீர் இல்லை என்று மனித குலம் அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது.

இதுவரை சொன்னது சிரிக்கக்கூடிய பகுதி. இனி வருவது அப்படியல்ல.

பெண்களை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை என்பது பாதி உண்மை. நன்மை கிடைக்கும் என்று தெரிந்த சோதனைகளில்தான் சேர்க்கவில்லை. என்ன ஆகுமோ என்று பயந்த சோதனைகளில் அவர்களுக்கு எப்போதும் முதல் வரிசை. அதிலும் ஏழையாக, கறுப்பாக, படிக்காதவளாக இருந்தால் முன்பதிவு. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர், அடிமைப் பெண்களை மயக்கமருந்து கொடுக்காமல் அறுத்துத் தைத்துப் பழகினார். அனார்க்கா என்ற பெண்ணுக்கு மட்டும் முப்பது முறை. அந்த டாக்டருக்குப் பெயர் ‘நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை’. நியூயார்க்கில் இருந்த அவர் சிலையை இடம்பெயர்க்க 2018 வரை ஆயிற்று. கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதிக்க 1956இல் தேர்ந்தெடுத்த இடம் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைக் குடியிருப்பு. விழுங்குவது சோதனை மாத்திரை என்றே பலருக்கும் சொல்லவில்லை. நூற்றுக்குப் பதினேழு பெண்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதி அனுப்பினார். அவரும் பெண்தான். மேலே இருந்த ஆண்கள் அதை மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள்.

நம் நாடு மட்டும் சளைத்ததா? 1970, 80களில் டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று நடந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இருந்த 1,100க்கும் மேற்பட்ட பெண்களைச் சிகிச்சை கொடுக்காமல் ‘கவனித்து’ வந்தார்கள். எத்தனை பேருக்கு முற்றும் என்று பார்க்க. முற்றியது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் நடந்தது. தடுப்பூசி நல்லதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் பெற்றோரின் ஒப்புதலை யார் கொடுத்தார்கள்? ஆய்வுக்கு எடுத்த 9,543 படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்ததை நாடாளுமன்றக் குழு 2013இல் எழுதி வைத்திருக்கிறது. பெற்றோர் எதற்கு, வார்டன் இருக்கும்போது?

ஆண்கள் விஷயத்தில் விஞ்ஞானம் எவ்வளவு மென்மையாக நடந்துகொள்ளும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆண்களுக்கான கருத்தடை ஊசியை ஏழு நாடுகளில் 320 ஆண்களுக்குப் போட்டுச் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. முகப்பரு, மனச்சோர்வு, பாலுறவு நாட்டம் அதிகரிப்பு என்று பக்கவிளைவுகள் தெரிந்ததும் 2011இல் பாதுகாப்புக் குழு சோதனையை நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரி. அந்த எச்சரிக்கை எல்லாருக்கும் வேண்டியதுதான். ஆனால் அந்த ஊசியில் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று நெட்-என். அதே நெட்-என் ஊசியை இந்தியப் பெண்களுக்குச் சரியாக விளக்காமல் போடுகிறார்கள் என்று சொல்லி, ஸ்திரீ சக்தி சங்கடனா முதலிய பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அங்கே ஒரு குழுவே உட்கார்ந்து ஆண்களுக்காகக் கவலைப்பட்டது. இங்கே பெண்கள் தாங்களே வக்கீல் வைத்துக் கவலைப்பட வேண்டியிருந்தது.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷன் பெண்கள் பக்கம் 37.9 சதவீதம். ஆண்கள் பக்கம் 0.3. ஆணுக்குச் செய்வது சின்ன ஆபரேஷன், பெண்ணுக்குச் செய்வது பெரிது என்பது டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டருக்குக்கூடத் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே டாக்டர் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த வாரத்து முகாம்களுக்குப் போனவர்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். அதிக ஆபரேஷன் செய்து குவித்ததற்காக அரசு கௌரவித்த டாக்டர் அவர். சாதனையாளர்.

நம் பக்கத்து மருத்துவத்துக்கு வருவோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் பதினாறு வயதுப் பெண்ணை அம்மா டாக்டரிடம் கூட்டிப்போகிறாள். “இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா. கல்யாணம் ஆனா சரியாயிடும்.” கல்யாணம் ஆகிறது, வலி போகவில்லை. “ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்.” பிறக்கிறது. “ரெண்டாவது பொறக்கட்டும்.” அதுவும் ஆகிறது. “வயசாச்சில்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாமா?” அடக்கத்தோடு கேட்கிறேன்: கல்யாணம் என்கிற இந்த மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை எந்த ஆஸ்பத்திரியில் நடந்தது? ஒப்பிடுவதற்குப் போலி மாப்பிள்ளை கொடுத்த குழு எது? உணவுக்கு முன்பா, பின்பா? பக்கவிளைவுகளைப் பட்டியலிட்டால் சீட்டில் இடம் போதுமா? காலாவதி தேதி உண்டா?

டாக்டரிடம் போக நேரமில்லாதவர்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை விசாரித்து 2019இல் வெளியிட்ட செய்தி இது. மாதவிடாய் வலி என்று சொன்னால் மாத்திரை கொடுக்கிறார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, அட்டை இல்லை. கொடுப்பவர் டாக்டரும் இல்லை. தையல் மெஷினை விட்டு எழுந்தால் பீஸ் குறையும், பீஸ் குறைந்தால் டார்கெட் போகும், டார்கெட் போனால் சம்பளம் போகும். விழுங்கிவிட்டு அடுத்த சட்டையின் காலரைத் தைக்கிறாள். அவள் தைத்த சட்டையில் துணி என்ன, எந்த நாட்டில் தைத்தது, எத்தனை டிகிரித் தண்ணீரில் துவைக்க வேண்டும் என்று எல்லாம் அச்சடித்த லேபிள் இருக்கிறது. அவள் விழுங்கிய மாத்திரைக்கு இல்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மாத்திரைச் செலவுகூட மிச்சம். கரும்பு வெட்டும் பெண் ஒருநாள் வரவில்லையென்றால் மேஸ்திரி அபராதம் போடுவான். எனவே மாதவிடாயையே ஒழித்துவிட்டார்கள். 2019இல் மாநில அரசின் குழு 82,309 பெண் கரும்பு வெட்டிகளிடம் விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆறில் ஒருத்தி. நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் அது நூற்றுக்கு மூன்று சொச்சம். சர்க்கரை மட்டும் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இனிக்கிறது.

இவ்வளவு கேள்விகளையும் யார் கேட்டிருக்க வேண்டும்? ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள். அங்கே யார் இருக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் யார்? 1933இல் பட்டப்படிப்பை முடித்த கையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கதவைத் தட்டினார் கமலா பாக்வத், பின்னாளில் கமலா சோஹனி. இயக்குநர் நம் திருச்சியில் பிறந்த, நோபல் வாங்கிய சர் சி.வி. ராமன். பெண் என்பதால் இடமில்லை என்றார். கமலா அறைவாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார். ஒரு வருடம் தகுதிகாண் நிலை, ஆய்வுக்கூடத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஒளிச்சிதறலை அளந்தவருக்கு ஒரு பெண் வந்தால் ஆண்களின் கவனம் எவ்வளவு சிதறும் என்பதில்தான் கவலை. அந்த கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பினார். ஊட்டச்சத்து இல்லாத பழங்குடி வளரிளம் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பதநீர் எப்படி உதவும் என்று ஆராய்ந்து காட்டினார். சூழலைக் கெடுப்பாள் என்று வாசலில் நிறுத்தப்பட்டவளுக்குத்தான் கர்ப்பிணியின் வயிற்றில் என்ன போகிறது என்று கேட்கத் தோன்றியது. அதே ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதிய அன்னா மணிக்கு, எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் மறுத்தது. வைரத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளை அளக்கத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் அப்படியா? காலம் மாறிவிட்டது. மார்ச் 8 வந்தால் ஆராய்ச்சி நிறுவனங்களில் கோலப் போட்டி வைக்கிறார்கள். மியூசிக்கல் சேர் வைக்கிறார்கள். முனைவர் பட்டம் வாங்கிய பெண்கள் குனிந்து புள்ளி வைக்க, தலைமை விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிப் பெண்மையின் பொறுமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி, அவர்கள் பொறுமையைச் சோதித்துவிட்டுப் போகிறார். சட்டமும் மாறியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகளின்படி நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவர்களில் சிலர்: ஒரு சட்ட நிபுணர், ஒரு பாமரர், ஒரு பெண். வக்கீலைப் போல, பெண்ணாக இருப்பதும் ஒரு தனித்துறை நிபுணத்துவம்! மக்கள்தொகையில் பாதிக்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காரி கூட்டத்துக்கு வரும்போது என்ன மருந்து, யாருக்கு, எத்தனை பேர் மீது என்ற கேள்விகளெல்லாம் ஏற்கனவே எழுதி முடித்துத் தட்டச்சாகியிருக்கும்.

பெண்ணுடல் ஒரு புதிர் என்று கவிஞர்கள் எழுதினால் போனால் போகிறது, சந்தத்துக்காக எழுதுகிறார்கள். டாக்டர்களும் அதையே சொன்னால் கோபம் வருகிறது. ஒரு புதிரும் இல்லை. தேடவில்லை, அதனால் தெரியவில்லை. அந்தத் ‘தெரியாது’ தானாக விளைந்ததுமில்லை. கூட்டம் போட்டு, விதி எழுதி, விண்ணப்பத்தைத் திருப்பி, நிதியை மறுத்து, முத்திரை குத்தி உண்டாக்கியது. அதற்குத் தேதி உண்டு, கோப்பு உண்டு, கையெழுத்துப் போட்ட ஆட்கள் உண்டு.

எனவே அடுத்த முறை வலியோடு வரும் பெண்ணிடம் “இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா” என்று சொல்ல வாயெடுப்பதற்குமுன் மூன்று பதில்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆய்வு அப்படிச் சொல்கிறது? அதில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? அவர்களிடம் ஒப்புதல் வாங்கியவர் யார்? பதில் இல்லையென்றால், “எங்களுக்குத் தெரியாது, நாங்கள் தேடிப் பார்க்கவே இல்லை” என்று சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணோடு கொடுத்தனுப்புங்கள். அந்த ஒரு மருந்துச்சீட்டாவது உண்மையைச் சொல்லட்டும்.